நெகடிவ் யாரிடம் இருக்கிறது?

‘மாற்று’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகவே செலவழித்துவிட்டோம். மாற்று அரசியல், மாற்று சினிமா, மாற்று மருத்துவம். எதற்கு மாற்று, யாருக்கு மாற்று என்று கேட்டால் பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். இந்த வரிசையில் ‘மாற்று மாடல்’ என்றும் ஒன்று உண்டு. உடம்பெல்லாம் பச்சை, உதட்டிலும் மூக்கிலும் வளையம், நீலமோ சிவப்போ அடித்த தலைமுடி, அல்லது 1950களின் அமெரிக்கக்காரி மாதிரி நெற்றிக்கு மேல் நேர்கோடாக நறுக்கிவிட்ட கருங்கூந்தல். சோப்புக்கும் சேலைக்கும் சிரிக்கிற அழகிக்கு எதிராக நிறுத்தப்பட்ட இன்னொரு அழகி. மேற்கத்திய நகரங்களில் இது சில பத்தாண்டுகளாக ஒரு தொழில்.

இந்தப் பெண்களின் பேட்டிகளைப் படிக்கிறபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து காலில் இடறுகிறது: ‘இப்போதைக்கு’. இப்போதைக்கு இதைச் செய்கிறேன். அப்புறம் நடிப்பேன், உடை வடிவமைப்பேன், சொந்தமாகப் பச்சை குத்தும் கடை வைப்பேன், விட்ட படிப்பை முடிப்பேன். மாடலாகவே கிழவியாவேன் என்று சொன்ன யாரையும் நான் படித்ததில்லை. அந்த ‘இப்போதைக்கு’ எப்படி ‘எப்போதைக்கும்’ ஆகிவிடுகிறது, அப்படி ஆவதில் யாருக்கு லாபம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் பார்க்க நினைப்பது. அதற்கு இந்த வகை மாடல்களெல்லாம் தங்கள் முன்னோடி என்று கொண்டாடுகிற ஒருத்தியின் கதைக்குப் போக வேண்டும். பெட்டி பேஜ். தமிழில் எழுதினால் டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. போகட்டும், பெட்டிகளும் இந்தக் கதையில் பின்னால் வரத்தான் போகின்றன.

அவள் என்றே எழுதுகிறேன். பெரும்பாலும் இருபத்தேழு வயதில் கடற்கரையில் நடந்துபோன ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேச்சு.

1923 ஏப்ரல் 22இல் அமெரிக்கத் தெற்கில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் பிறந்தாள். ஆறு பிள்ளைகளில் இரண்டாவது. அப்பன் யோக்கியனில்லை, மகள்களிடமே கை வைத்தவன் என்று அவள் வயதான காலத்தில் வெளிப்படையாகச் சொன்னாள். பெற்றோர் பிரிந்தபின் தாய் பகலில் சிகை அலங்காரம், இரவில் சலவை என்று உழைத்தும் கட்டுப்படியாகாமல் பெட்டியையும் இரண்டு தங்கைகளையும் ஓராண்டு அநாதை விடுதியில் விட்டாள். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது. அங்கேயும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் அவள் கற்றுக்கொண்ட தையல் பிற்பாடு முக்கியமாகப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பில் கெட்டி. விவாதக் குழுவில் இருந்தாள். 1940இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது வகுப்பில் இரண்டாமிடம். முதலிடம் கால் மதிப்பெண்ணில் போயிற்று. முதலிடத்துக்குத்தான் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் முழு உதவித்தொகை. இரண்டாமிடத்துக்கு ஆசிரியர் பயிற்சி தருகிற பீபாடி கல்லூரியும் ஒரு சின்னத் தொகையும். கால் மதிப்பெண். நம் ஊரில் இதற்காகத் தூக்கு மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவிலும் ஏழைவீட்டுப் பெண்ணுக்கு வாசல் இவ்வளவு குறுகலாகத்தான் இருந்தது. 1944இல் பட்டம் வாங்கினாள். ஆசிரியை ஆவதுதான் திட்டம். பயிற்சிக்காக வகுப்பெடுக்கப் போனால் பையன்கள் பாடத்தைக் கவனிக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவளே பின்னால் சொன்னாள். பார்த்தது பையன்கள், வேலையை விட்டது அவள். இந்தக் கணக்கு அவள் வாழ்க்கையில் கடைசிவரை மாறவில்லை.

நடிகையாக வேண்டும் என்ற ஆசை கல்லூரியிலேயே தொற்றிக்கொண்டது. இடையில் 1943இல் ஒரு கல்யாணம், கணவன் கடற்படைக்குப் போனான், 1947இல் விவாகரத்து. மேற்குக் கரையில் இருந்தபோது ஒரு பெரிய ஸ்டுடியோவில் திரைச் சோதனை நடந்தது. அந்தக் காலத்து நட்சத்திரம் ஒருத்தியின் சாயலில் ஒப்பனை போட்டு நிறுத்தினார்கள். அவளுடைய தெற்கத்திப் பேச்சு ஒத்துவரவில்லை என்று அவளைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். முகம் வேண்டும், வாய் வேண்டாம். பிறகு நியூயார்க். தட்டச்சு, செயலாளர் வேலை, வாடகை அறை.

1950. கோனி தீவுக் கடற்கரையில் தனியே நடந்துகொண்டிருந்தவளிடம் ஜெர்ரி டிப்ஸ் என்பவர் வந்து, உன்னைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். நியூயார்க் போலீஸ்காரர், பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்பவர். மாடலாக வாய்ப்புத் தேடுவதற்கான முதல் படத் தொகுப்பை இலவசமாகவே தயாரித்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார்: உன் நெற்றி மேடாக இருக்கிறது, விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது, முடியை முன்னால் வெட்டிவிட்டுக்கொள். நம் ஊரில் இதற்கு ‘சாதனா கட்’ என்று பெயர். இந்தி நடிகை சாதனா 1960இல் வந்த தன் முதல் பெரிய படத்தில் வெட்டிக்கொண்டதும் அகலமான நெற்றியை மறைக்கத்தான். வெளிச்சத்துக்காகச் செய்த ஒரு சில்லறை ஏற்பாடு, இன்று உலகம் முழுக்கப் பெண்கள் கலகத்தின் அடையாளம் என்று தலையில் தாங்குகிற வடிவமாகிவிட்டது. அடையாளங்கள் பிறக்கிற இடம் எப்போதும் இப்படித்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

அடுத்து வந்தது கேமரா கிளப். ஞாயிற்றுக்கிழமை பத்திருபது ஆண்கள் ஆளுக்கொரு கேமராவோடு கூடுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று போட்டு, மாடலை அமர்த்தி, ஸ்டுடியோவிலோ ஊருக்கு வெளியே தோப்பிலோ நிறுத்திப் படம் எடுப்பார்கள். ‘கலை’ என்று பெயர்ப்பலகை. நிர்வாணப் படம் தபாலில் போவதற்கும் கடையில் விற்பதற்கும் சட்டத் தடை இருந்த காலத்தில் அமெச்சூர் கலைஞர்களின் சங்கம் என்பது ஒரு பாதுகாப்பான கூரை. சில கேமராக்களில் பிலிமே இருக்காது என்ற கேலியும் உண்டு. அவள் சொன்ன கணக்கு எளிமையானது: ஒரு வாரம் தட்டச்சு அடித்துக் கிடைப்பதைவிடச் சில மணி நேரம் நின்றால் அதிகம் கிடைத்தது. இதற்கு மேல் ஏதாவது ‘உளவியல்’ தேடுகிறவர்கள் ஒரு மாத வாடகை கட்டிப் பார்க்கட்டும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். படம் எடுக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தப் படத்தில் என்ன பாத்தியதை? ரோலான் பார்த் புகைப்படம் பற்றிய தன் கடைசி நூலில் (1980) படம் யாருடையது, எடுத்தவனுடையதா எடுக்கப்பட்டவனுடையதா என்ற கேள்வியைத் தொட்டுவிட்டு மரணத்தின் பக்கம் போய்விடுகிறார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீதிமன்றம்வரை போனால் போதும்.

1882இல் ஆஸ்கர் வைல்ட் அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். நெப்போலியன் சரோனி என்ற நியூயார்க் புகைப்படக்காரர் அவரைப் பல நிலைகளில் எடுத்தார். அதில் ஒன்றை ஓர் அச்சு நிறுவனம் 85,000 பிரதி அடித்து விட்டது. சரோனி வழக்குப் போட்டார். புகைப்படம் என்பது இயந்திரத்தின் வேலை, அதற்கு ஆசிரியன் கிடையாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1884இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சரோனி பக்கம் நின்றது. என்ன காரணம் சொன்னது என்பதுதான் சுவாரசியம்: வைல்டை நிற்கவைத்தது, உடையையும் திரையையும் தேர்ந்தது, ஒளியை அமைத்தது, முகத்தில் அந்தப் பாவத்தை வரவழைத்தது எல்லாம் சரோனி, ஆகவே அவரே ஆசிரியன். வைல்ட்! தான் எப்படி உட்கார வேண்டும், எந்தக் கால் மேல் எந்தக் காலைப் போட வேண்டும் என்பதையே வாழ்நாள் காவியமாக எழுதிய ஆள். அவருடைய பாவத்தை இன்னொருவர் ‘வரவழைத்தார்’ என்று சட்டம் முடிவு கட்டிற்று. நிற்பவர் களிமண், கேமராவைப் பிடிப்பவர் குயவர்.

இன்னொரு வழக்கு, 1902. நியூயார்க் மாநிலத்தில் அபிகெயில் ராபர்சன் என்ற சிறு வயதுப் பெண்ணின் படத்தை ஒரு மாவு கம்பெனியின் விளம்பரத்துக்காக 25,000 சுவரொட்டிகளில் அச்சடித்துக் கடைகளிலும் சாராயக் கடைகளிலும் ஒட்டிவிட்டார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் வழக்குத் தொடுத்தாள். மாநிலத்தின் உச்ச மன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் கைவிரித்தது: அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லையாம். பத்திரிகைகள் கொதித்தன. அடுத்த ஆண்டே, 1903இல், மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் தெருவுக்கு இறங்கும்போது என்ன உருவம் எடுக்கிறது பாருங்கள். ‘எழுத்து மூலமான ஒப்புதல்’ என்பது நாளடைவில் மாடல்கள் கையெழுத்துப் போடுகிற ஒரு துண்டுத் தாளாயிற்று. கையெழுத்துப் போட்டா காசு, போடலைன்னா வீட்டுக்குப் போம்மா. எந்தச் சட்டம் அனுமதியின்றி முகத்தைத் திருடக் கூடாது என்று சொன்னதோ, அதே சட்டம் அந்த முகத்தை மொத்தமாக, காலவரையறையில்லாமல், எழுதிக் கொடுப்பதற்கான வழியையும் போட்டுத் தந்தது. முதல் வழக்கு நெகடிவை ஆணிடம் கொடுத்தது. இரண்டாவது வழக்கின் விளைவாக வந்த சட்டம் பெண்ணுக்கு ஒரு பேனாவைக் கொடுத்தது. மூன்றாவதாக ஒன்று உண்டு. 1953இல், அதே நியூயார்க்கில், பபிள்கம் பொட்டலங்களில் வருகிற பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களைப் பற்றி இரண்டு கம்பெனிகளுக்குள் தகராறு. கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம் ஆட்டக்காரனுக்குத் தன் படத்தின் விலைமதிப்பில் தனி உரிமை உண்டு என்று முதன்முறையாகப் பெயர் சூட்டிச் சொன்னது. அந்த ஆண்டில் பெட்டி பேஜ் சில தெருக்கள் தள்ளித் தாள்தாளாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சில தெருக்கள் தள்ளி என்றால் பதினான்காம் தெரு. அங்கே இர்விங் கிளா என்பவரும் அவருடைய சகோதரி பவுலா கிளாவும் சினிமா நட்சத்திரங்களின் படங்களை விற்கும் கடை வைத்திருந்தார்கள். அதோடு தபால் வழியே இன்னொரு சரக்கும்: உயர்ந்த குதிகால் செருப்பு, கறுப்பு உள்ளாடை, கயிற்றால் கட்டப்பட்ட பெண்கள். நிர்வாணம் கிடையாது. தபால் இலாகாவின் பயம் அப்படி. மாடல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உள்ளாடை போட வேண்டும் என்பது அங்கே விதி. 1952 முதல் 1957 வரை பெட்டி அங்கே நின்றாள். பெரும்பாலும் படம் எடுத்ததும் கயிறு கட்டியதும் பவுலாதான். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஆண் பார்வை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற அவசரம் நம்மிடம் அதிகம். கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண், முன்னால் ஒரு பெண், இரண்டு பேரும் கூலிக்கும் வியாபாரத்துக்கும் மாரடிக்கிறார்கள். பார்வை தபாலில் போய் எங்கோ தன் கதவைத் திறக்கிறது.

படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பயங்கரத்தைவிடக் கேலிதான் அதிகம். கட்டப்பட்டவள் கண்ணை உருட்டுகிறாள், பள்ளிக்கூட நாடகத்தில் நடிப்பது மாதிரி ‘ஐயோ’ என்கிறாள், அடுத்த படத்தில் அவளே இன்னொருத்தியை அடிப்பதாகப் பாவனை செய்து சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் அவளை விடுதலையின் தேவதையாக்கினார்கள். அவள் சொன்னது வேறு. சனிக்கிழமைதோறும் நான்கைந்து மணி நேர வேலை, அதில் ஒரு மணி நேரம் கயிற்றுக்கு ஒப்புக்கொண்டால்தான் மொத்தக் கூலியும் கைக்கு வரும், அதனால்தான் செய்தேன். அவ்வளவுதான். அதை வெட்கத்தோடும் சொல்லவில்லை, பெருமையோடும் சொல்லவில்லை. மில்லில் வேலை பார்த்தவர் ராத்திரி ஷிப்டைப் பற்றிச் சொல்கிற தொனி.

1980களில் அமெரிக்கப் பெண்ணியர்களுக்குள் பாலியல் பிம்பங்களைப் பற்றி ஒரு பெரும்போர் நடந்தது. ஆண்ட்ரியா டுவோர்கினும் காதரின் மக்கினனும் 1983இல் மினியாபொலிஸ் நகரத்துக்காக எழுதிய சட்ட வரைவை மாநகர மன்றம் நிறைவேற்றியது, மேயர் தடுத்துவிட்டார். மறுதரப்பு, இது தணிக்கை, பெண்ணின் இச்சையையே குற்றவாளியாக்குகிறது என்றது. இரண்டு தரப்பின் எழுத்தையும் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது: இரண்டும் படத்தைத்தான் வாசித்தன. இது ஒடுக்குமுறைப் பிரதியா, கலகப் பிரதியா? ரசீதை வாசித்தவர்கள் குறைவு. அந்த வரைவில் எனக்குப் பிடித்தது ஒரு விதி மட்டும்தான். ஒருத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள், காசு வாங்கினாள் என்பதாலேயே அவள் கட்டாயப்படுத்தப்படவில்லை என்று ஆகிவிடாது என்றது அது. இந்த இடத்தில் மக்கினன் ஒழுக்கவாதியாக அல்ல, தொழிற்சங்கக்காரராகப் பேசுகிறார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு யாரும் மேலே போகவில்லை என்பது என் ஆதங்கம்.

இவ்வளவுக்கும் நடுவில் நடிப்பு என்னாயிற்று? அவள் அதை விடவில்லை. ஹெர்பர்ட் பெர்காஃப் நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்து படித்தாள். சிறிய மேடை நாடகங்கள், தொலைக்காட்சியில் வந்துபோகும் வேடங்கள். 1953இல் ‘ஸ்ட்ரிப்போரமா’ என்ற படத்தில் சில வரி வசனம் கிடைத்தது. கிளா எடுத்த ‘வெரைட்டீஸ்’ (1954), ‘டீஸராமா’ (1955) இரண்டிலும் தலைகாட்டினாள். வாரம் முழுக்க நடிப்புப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டுவதற்காகச் சனிக்கிழமை கயிற்றில் நிற்கிற ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். எது அவள் தொழில், எது அவள் ‘இப்போதைக்கு’? அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்தைக்கு அதைத் தெரிந்துகொள்ள அவசியம் இருக்கவில்லை.

1954இல் ஃபுளோரிடாவில் பன்னி யேகர் என்ற பெண்ணைச் சந்தித்தாள். தானும் மாடலாக இருந்து, கேமராவுக்குப் பின்னால் போனவர். இருவரும் சேர்ந்து ஒரு விலங்குக் காட்சிப் பூங்காவில் இரண்டு சிறுத்தைகளோடு எடுத்த படங்கள் உலகப் பிரசித்தம். அதில் பெட்டி உடுத்தியிருக்கும் சிறுத்தைத் தோல் மாதிரித் துணி அவளே தைத்தது. தன் நீச்சலுடைகளையும் அவளே தைத்துக்கொள்வாள். அநாதை விடுதி ஊசி. இப்போது 1884 தீர்ப்பை மறுபடி எடுத்து வைத்துப் பாருங்கள். உடையைத் தேர்ந்தவர், நிலையை அமைத்தவர், முகத்தில் பாவத்தை வரவழைத்தவர் எவரோ அவரே ஆசிரியர் என்றால், இந்தப் படங்களின் ஆசிரியர் யார்? உடை அவளுடையது. நிற்பதும் தாவுவதும் அவளுடையது. அந்தப் பாவத்தை அவள் முகத்தில் வேறு யாரும் வரவழைக்கவில்லை. உச்சநீதிமன்றத்தின் அளவுகோலை நேர்மையாக வைத்து அளந்தால் பாதிக்கு மேல் அவள் பக்கம் சாய்கிறது. ஆனால் அளவுகோலைக் கையில் வைத்திருப்பது பொத்தானை அழுத்துகிறவர். யேகர் எடுத்த ஒரு படத்தை ‘பிளேபாய்’ 1955 ஜனவரி இதழின் நடுப்பக்கத்தில் போட்டது: கிறிஸ்துமஸ் மரத்தடியில் தாத்தா குல்லாவோடு கண்ணடிக்கும் பெட்டி. பத்திரிகை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதன் அதிபர் ஹியூ ஹெஃப்னர் பெரும் பணக்காரரானார், யேகர் பெயர் பெற்ற புகைப்படக் கலைஞரானார். இதில் யேகரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் செய்ததுதான் புத்திசாலித்தனம்: கேமராவின் சரியான பக்கத்துக்கு இடம் மாறியது.

*

அரசு வந்த கதைக்கு வருவோம். எஸ்டஸ் கீஃபாவர் என்ற செனட்டர் அவளுடைய சொந்த மாநிலமான டென்னசிக்காரர். 1950-51இல் குற்றக் கும்பல்களை விசாரித்துத் தொலைக்காட்சி வழியே வீடுவீடாகப் புகழ்பெற்றவர், ஜனாதிபதி பதவியில் கண் வைத்தவர். இளைஞர் குற்றங்களை ஆராயும் செனட் துணைக்குழு 1954இல் காமிக்ஸ் புத்தகங்களைக் குடைந்தது. 1955 மே மாதம், கீஃபாவர் தலைமையில், தபால்வழி ஆபாசத்தைக் குடைய நியூயார்க்கில் உட்கார்ந்தது. இர்விங் கிளா சாட்சிக் கூண்டில், தன்னையே குற்றப்படுத்தும் பதிலைச் சொல்ல மறுக்கும் அரசியல் சட்ட உரிமையைச் சொல்லி வாயை மூடிக்கொண்டார். பெட்டிக்கும் அழைப்பாணை போயிற்று. மணிக்கணக்காக வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே கூப்பிடவேயில்லை.

இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியம். நாட்டின் ஒழுக்கத்தைக் காப்பாற்றக் கூடிய சபை, அந்தப் படங்களில் இருந்த பெண்ணை வாசலில் வைத்துக்கொண்டு, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூட விவாதக் குழுவில் பேசிப் பழகியவள். என்ன கூலி கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம், எந்தத் தாளில் கையெழுத்து என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்தக் கேள்விகள் சபையின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. பையன்கள் கெட்டுப்போவது பற்றித்தான் கவலை. நாஷ்வில் வகுப்பறையில் இருந்த அதே பையன்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு கீஃபாவர் துணை ஜனாதிபதி வேட்பாளரானார், தோற்றார். கிளா கடையை ஒடுக்கி, நெகடிவ்களை எரித்தார். பெரும்பகுதி சாம்பலாயிற்று. பவுலா கொஞ்சத்தைப் பெட்டிகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். இன்று நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒளித்த பெட்டிகளிலிருந்து வந்தவை. காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவற்றை எரிப்பதா வைத்திருப்பதா என்று தீர்மானித்தவர்களின் பட்டியலில் பெட்டி பேஜ் இல்லை.

1957 கடைசியில் நியூயார்க்கை விட்டுப் போனாள். முப்பத்துநான்கு வயது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பத்திரிகைகள் அவற்றைப் போதுமான அளவு தின்றுவிட்டன. 1958 டிசம்பர் 31 இரவு ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து தொழுத ஒரு சபைக்குள் போனாள், மதம் பிடித்துக்கொண்டது. வேதாகமக் கல்லூரிகளில் படித்தாள். ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக விண்ணப்பித்தாள். விவாகரத்தானவள் என்று நிராகரித்தார்கள். (கவனியுங்கள், படங்களுக்காக அல்ல.) ஆசிரியை, நடிகை, மிஷனரி: மூன்று வாசல், மூன்று மறுப்பு. பின்னும் திருமணங்கள், முறிவுகள். 1979இல் கலிஃபோர்னியாவில் மனம் கலைந்தது; வன்முறையில் முடிந்த சம்பவங்கள், கைது, மனச்சிதைவு என்ற மருத்துவப் பெயர், மனநல மருத்துவமனை, கண்காணிப்பு. 1990களின் தொடக்கத்தில் வெளியே வந்தபோது அவர் கிட்டத்தட்ட எழுபது வயதுப் பாட்டி, கையில் காசில்லை.

இதே காலத்தில் வெளியே என்ன நடந்தது? 1970களின் நடுவிலிருந்து பழைய படங்கள் புத்தகங்களாக மறுபதிப்பாயின. 1982இல் டேவ் ஸ்டீவன்ஸ் தன் ‘ராக்கெட்டியர்’ காமிக்ஸில் கதாநாயகனின் காதலியை அப்படியே பெட்டியின் உருவத்தில் வரைந்தார். அப்புறம் அடங்கவில்லை. சுவரொட்டி, லைட்டர், சட்டை, பொம்மை, பங்க் இசைக்காரிகளின் நெற்றிமுடி. நானும் அந்த முகத்தை முதலில் பார்த்தது ஒரு பனியனில்தான், பெயர் தெரியாமல். யாரோ பழைய ஹாலிவுட் நட்சத்திரம் என்று நினைத்தேன். ஒருவகையில் அவளுடைய ஆசை நிறைவேறிவிட்டது என்று சொல்லலாம். அவளுக்குத் தெரியாமல். மருத்துவமனையில் இருந்த ஆண்டுகளில் அவருடைய முகம் ஊரெல்லாம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது, சம்பளமில்லாமல்.

மறுபடி கண்டுபிடித்தபின் டேவ் ஸ்டீவன்ஸ் ஒரு காரியம் செய்தார். தான் வரைந்ததற்காக அவருக்குப் பணம் கொடுத்தார். பக்கத்துப் பகுதியில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் போய்ப் பார்த்து, வண்டியில் கூட்டிப்போய்த் தேவையானதைச் செய்து கொடுத்தார். சட்டம் கேட்டதால் அல்ல. பிறகு முகவர்கள் வந்தார்கள், உருவ உரிமைச் சட்டங்களைக் காட்டிக் காசு கேட்கத் தொடங்கினார்கள். 1953இல் பபிள்கம் வழக்கில் முளைத்த உரிமை நாற்பது ஆண்டு கழித்து அவர் வாசலுக்கு வந்தது. கடைசி ஆண்டுகளில் ஓரளவு வசதியாக இருந்து 2008 டிசம்பர் 11இல் தன் எண்பத்தைந்தாம் வயதில் லாஸ் ஏஞ்சலீஸில் இறந்தார். பேட்டி கொடுப்பார், ஆனால் முகத்தைப் படம் எடுக்க விடமாட்டார். பழைய முகத்தையே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்றார். இதை அழகு பற்றிய பழைய மயக்கம் என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் படம் எடுக்கப்பட வேண்டும், எது கூடாது என்று அவர் முழு அதிகாரத்தோடு முடிவெடுத்த முதல் தருணம் அது.

*

அவருடைய பேத்திகளின் கதை கொஞ்சம் வேறு. டீட்டா வான் டீஸ், 1972இல் பிறந்தவர், பாலே நடனக்காரியாக ஆசைப்பட்டு உள்ளாடைக் கடையில் வேலை பார்த்தவர், பெட்டி பேஜின் பாணியிலிருந்து தொடங்கித் தன் பெயரையே ஒரு வணிகச் சின்னமாக்கிக்கொண்டார். விதிவிலக்கு எப்போதும் விளம்பரத்துக்கு உதவும். மற்றவர்கள் சென்ற இடம் 2001இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் தொடங்கிய ‘சூசைட் கேர்ள்ஸ்’ போன்றவை. பச்சை குத்திய, வளையம் மாட்டிய பெண்களே தங்களைத் தாங்களே காட்டிக்கொள்ளும் மாற்றுக் களம் என்று அறிமுகமாயிற்று. 2005இல் மாடல்கள் பலர் வெளியேறிப் பகிரங்கமாகப் பேசினார்கள்: கூலி குறைவு, ஒப்பந்தம் கைகாலைக் கட்டுகிறது, பெண்கள் நடத்துவதாகச் சொல்லப்பட்டாலும் பிடி ஆணிடம். நிறுவனம் மறுத்தது. யார் சொன்னது எவ்வளவு சரி என்பதற்குள் நான் போகவில்லை. சண்டை எதைப் பற்றி என்று மட்டும் பாருங்கள். பச்சையைப் பற்றியல்ல, நிர்வாணத்தைப் பற்றியல்ல. படம் யாருடையது, வேறு இடத்தில் வேலை செய்ய எனக்கு உரிமை உண்டா, விலகினால் என் முகம் என்னோடு வருமா?

2016இல் லண்டனில் ‘ஒன்லிஃபேன்ஸ்’ தொடங்கியபோது நடுவில் ஆள் இல்லை, நெகடிவ் உன்னிடமே என்றார்கள். நூற்றுக்கு இருபது கமிஷன். 2021 ஆகஸ்டில், வங்கிகளின் நெருக்கடியைக் காரணம் காட்டி, வெளிப்படையான பாலியல் படங்களை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கூச்சல் எழுந்ததும் சில நாளில் பின்வாங்கியது. வாழ்வாதாரமாக அதை நம்பியிருந்த பெண்களை அந்தச் சில நாளில் யாரும் உள்ளே கூப்பிட்டுக் கேட்கவில்லை. வாசலில் உட்காரவைக்கும் வழக்கம் செனட்டோடு முடியவில்லை போலும்.

இந்தப் பெண்களை மீட்கக் கிளம்புகிற தோழர்களிடமும், கொண்டாடக் கிளம்புகிற நண்பர்களிடமும் எனக்குக் கேட்க ஒன்றுதான் உண்டு. அவள் அடுத்து என்ன ஆக நினைத்தாள் என்று கேட்டீர்களா?

மார்க் மோரி எடுத்த ‘பெட்டி பேஜ் ரிவீல்ஸ் ஆல்’ என்ற ஆவணப்படம் 2012இல் வந்தது. வயதான முகம் அதில் இல்லை, அவர் விருப்பப்படியே. பழைய படங்கள் ஓட, பின்னணியில் ஒலிநாடாவில் பதிவான அவருடைய பேச்சு தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறது. கரகரத்த கிழக் குரல். இழுத்து இழுத்துப் பேசுகிற அந்த டென்னசி வாடை அப்படியே இருக்கிறது.